இருமல் இரண்டு வாரம் தாண்டினால்... பள்ளிகளுக்கான காசநோய் கேள்வி-பதில்

மாணவர்களிடம் காசநோயைப் பற்றி எப்படிப் பேசுவது, ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கேட்டிருந்த கேள்விகளில் சில இங்கே. காசநோய்ப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் சேர்ந்து பதில் தருகிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறோம்.

ஆண்டுதோறும் மார்ச் 24 அன்று ஊர்வலம் போகிறோம், ஓவியப் போட்டி வைக்கிறோம். பலன் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேறு என்ன செய்யலாம்?
_தலைமை ஆசிரியர், விருதுநகர்_

காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ராபர்ட் காக் 1882-இல் அறிவித்த நாள் மார்ச் 24. நினைவூட்ட ஒரு நாள் வேண்டும்தான். ஆனால் நம் ஊரில் அது பொதுத்தேர்வுச் சமயம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகள் ஊர்வலத்தில் இருக்க மாட்டார்கள். பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் தலைகாட்டத் தொடங்குவதோ அந்த வயதில்தான். அதனால் ஜூலையிலோ ஆகஸ்டிலோ எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். 40 நிமிடம் போதும்.

ஓவியப் போட்டியில் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள் என்று பார்த்திருப்பீர்கள். மண்டை ஓடு, எலும்பும் தோலுமாய் ஒரு மனிதர், கைக்குட்டையில் ரத்தம். இதையே பார்த்து வளரும் பிள்ளை, டி.பி. என்றால் சாவு என்று நினைத்துக்கொள்கிறது. நல்ல உடற்கட்டோடு இருக்கும் தன் சித்தப்பா மூன்று வாரமாக இருமினால், அது டி.பி.யாக இருக்க வாய்ப்பே இல்லை என்றும் நினைத்துக்கொள்கிறது. இரண்டும் தப்பு. போட்டி வைப்பதானால் தலைப்பை மாற்றுங்கள். 'எங்கள் ஊரில் சளிப் பரிசோதனைக்கு எங்கே போவது' என்று வழி வரையச் சொல்லுங்கள். அந்தப் படத்தைப் பார்த்து வீட்டுப் பெரியவர் ஒருவர் உண்மையிலேயே நடந்து போக முடியும்.

பாடவேளைக்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, சளி டப்பாக்கள் எப்போது கிடைக்கும், மாதிரியை யாரிடம் எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாவட்டத் துணை இயக்குநர் (காசநோய்) அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் சிகிச்சை மேற்பார்வையாளர் நேரில் வருவார். நம் பேச்சைக் கேட்டு வந்தவரை 'லேப்பில் ஆள் இல்லை, நாளைக்கு வாங்க' என்று திருப்பி அனுப்பினால் அந்தக் குடும்பம் மறுபடி வராது.

வகுப்பில், முதல் ஐந்து நிமிடம் பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் கேள்வி எழுதி வாங்குங்கள். 'யார் வீட்டில் டி.பி. இருக்கிறது, கை தூக்குங்கள்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு நொடியில் ஒரு பிள்ளை வருடம் முழுக்கத் தனியாகச் சாப்பிட வேண்டியதாகிவிடும். அடுத்துச் சொல்ல வேண்டியவை அதிகமில்லை: கிருமியால் வருவது, பரம்பரை நோய் அல்ல, காற்று வழியாகப் பரவுவது, தட்டு வழியாக அல்ல, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலம் வரும் காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலே பரிசோதனை, பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்தில் குணம். பிறகு ஒரு சளி டப்பாவைக் கையில் எடுத்துக் காட்டுங்கள். டப்பாவை ஒருமுறை தொட்டுப் பார்த்த பிள்ளை பாட்டியிடம் கூச்சப்படாமல் பேசும்.

கடைசியாக, வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு சீட்டு. மேலே சொன்ன அறிகுறிகளும் சுகாதார நிலையத்தின் முகவரியும் 1800-11-6666 என்ற இலவச உதவி எண்ணும் அதில் இருக்கட்டும். சீட்டைத் திரும்ப வாங்காதீர்கள், வகுப்பில் சரிபார்க்கவும் வேண்டாம். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவுக்கும் இந்தப் பாடவேளையின் தேதியை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குக் கழுத்தில் கட்டி. டி.பி.யாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். இருமலே இல்லையே? பள்ளியில் பிற குழந்தைகளுக்குத் தொற்றிவிடுமா?
_ஒரு தாய், சேலம்_

முடி, நகம் தவிர உடலில் எங்கே வேண்டுமானாலும் காசநோய் வரும். குழந்தைகளுக்குக் கழுத்து நெறிக்கட்டியில் வருவது சகஜம். வலி இல்லாமல், வாரக்கணக்கில் கரையாமல், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கட்டியிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துப் பரிசோதிப்பார்கள். பயப்படும்படியான வலி இருக்காது.

உங்கள் மகனால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து இல்லை. நெறிக்கட்டியில் இருக்கும் கிருமி மூச்சுக்காற்றில் வெளியே வராது. நுரையீரலிலேயே வந்தாலும், சிறு குழந்தைகளின் சளியில் கிருமி மிகக் குறைவு. பலமாக இருமி வெளியே தள்ளவும் அவர்களுக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பெரியவர்களைப் போல நுரையீரலில் குழி விழுந்து பரவும் வகை அதிகம் தெரிகிறது.

இதில் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று. ஏழு வயதுக் குழந்தைக்குக் காசநோய் என்றால், அதற்குப் பரப்பிய பெரியவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார். தாத்தா, வேலைக்கு வரும் அக்கா, வேன் ஓட்டுநர், டியூஷன் எடுப்பவர் என்று யாராகவும் இருக்கலாம். வீட்டில் இருமுகிற ஒவ்வொருவருக்கும் சளியும் எக்ஸ்ரேயும் பார்க்காமல் குழந்தைக்கு மட்டும் மருந்து கொடுத்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கும்.

சிறு குழந்தைகளிடம் இருமல் இல்லாமலும் நோய் இருக்கும். மூன்று மாதத்தில் எடை குறைந்திருந்தாலோ, ஏறாமலே நின்றுவிட்டாலோ, விளையாடாமல் சோர்ந்து உட்கார்ந்தாலோ, வீட்டில் யாருக்காவது இரண்டு ஆண்டுகளுக்குள் டி.பி. வந்திருந்தாலோ டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு டி.பி. என்று பத்து நாளாக மாத்திரை சாப்பிடுகிறார். அவர் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம். எனக்கும் நாலு வயதுத் தம்பிக்கும் வந்துவிடுமா? நான் பள்ளிக்குப் போகலாமா?
_பிளஸ் ஒன் மாணவி, திருவாரூர்_

நீ தாராளமாகப் பள்ளிக்குப் போகலாம்மா. உனக்கு இருமலோ காய்ச்சலோ இல்லாதவரை உன்னால் யாருக்கும் பரவாது.

அப்பாவின் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வை. காசநோய் தட்டிலும் துண்டிலும் கழிப்பறையிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. இருமும்போது வெளிவரும் மிக நுண்ணிய துளிகள், காற்றோட்டமில்லாத அறையில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அந்தக் காற்றை நெடுநேரம் சுவாசிப்பவருக்குத்தான் தொற்றும். அப்பா சில வாரங்களுக்குத் திண்ணையிலோ, ஜன்னல் திறந்த அறையிலோ தனியாகப் படுக்கட்டும். கூட இருக்கும்போது முகக்கவசம் போடட்டும், சளியை மூடியுள்ள டப்பாவில் துப்பட்டும். மருந்து சரியாக வேலை செய்தால் சுமார் இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. ஒரு காலத்தில் டி.பி. என்றால் தாம்பரம் சானடோரியம் போன்ற இடங்களில் மாதக்கணக்கில் தங்க வேண்டும். சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் சின்னஞ்சிறு வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். அந்தக் குடும்பத்தாரைத் தொடர்ந்து கவனித்ததில், நோயாளி வீட்டில் இருந்ததால் அவர்களுக்குக் கூடுதலாக நோய் வரவில்லை. ஏனென்றால் பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவியிருந்தது. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு முக்கியக் காரணம். அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

மருந்துக்கு முன்பே பரவியிருக்கலாம் என்பதால்தான் நீங்கள் எல்லோரும் இப்போது பரிசோதனைக்குப் போக வேண்டும். கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வராது. நூறில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது வரும், அதிலும் பெரும்பகுதி முதல் இரண்டு ஆண்டுகளுக்குள். உனக்கு எக்ஸ்ரேவும், கிருமி உடலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத் தோல் ஊசியோ ரத்தப் பரிசோதனையோ செய்வார்கள். நோய் இல்லை, கிருமி மட்டும் இருக்கிறது என்றால் தடுப்பு மருந்து உண்டு. தினம் ஒரு வேளையாக ஆறு மாதம், அல்லது வாரம் ஒரு முறையாக 12 வாரம். எது என்று டாக்டர் சொல்வார். தம்பி ஐந்து வயதுக்குக் கீழ் என்பதால், அவனுக்கு நோய் இல்லை என்று உறுதியானதுமே தடுப்பு மருந்து தொடங்கிவிடுவார்கள். அந்த வயதில் கிருமி மூளைக்கும் பரவக்கூடும். அவனைத்தான் முதலில் அழைத்துப்போக வேண்டும். அப்பாவின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்றால் இந்தக் கணக்கெல்லாம் மாறும். அவருடைய சளி ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போ.

பிறந்ததுமே பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாயிற்றே, தழும்புகூட இருக்கிறது. பிறகு எப்படி டி.பி. வரும்?
_வாசகர், தூத்துக்குடி_

குழந்தைப் பருவத்தில் வரும் மூளைக்காய்ச்சல் வகையையும், உடல் முழுக்கப் பரவும் வகையையும் பி.சி.ஜி. நன்றாகத் தடுக்கிறது. அதற்காகத்தான் போடுகிறோம், கட்டாயம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய மிகப் பெரிய ஆய்வே காட்டியது. தழும்பு இருக்கிறது என்பதால் இருமலை அலட்சியம் செய்யக் கூடாது.

என் மகளுக்கு மூன்று வாரமாக இருமல். மெடிக்கல் ஷாப் மருந்தில் குறைந்து மறுபடி வந்தது. சளியில் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட். ஆனாலும் இன்னொரு முறை எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்?
_ஒரு தந்தை, திருப்பூர்_

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். எங்களிடம் வரும் டப்பாக்களில் நிறைய, சளியே இல்லாமல் வெறும் எச்சிலோடு வருகின்றன. எச்சிலில் கிருமி தெரியாது. 'ஒன்றுமில்லை' என்ற ரிப்போர்ட்டை நம்பிக் குடும்பம் இரண்டு மாதம் சும்மா இருந்துவிடும்.

காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியிலோ வாசலிலோ, ஆட்கள் இல்லாத திறந்த வெளியில் நிற்கட்டும். மூச்சை ஆழமாக இழுத்து, சில நொடி அடக்கி, மெதுவாக விட வேண்டும். இப்படி இரண்டு முறை செய்துவிட்டு மூன்றாம் முறை அடிவயிற்றிலிருந்து பலமாக இரும வேண்டும். வருவது கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் அது சளி. நுரைத்து, தண்ணீராக இருந்தால் எச்சில். மறுபடி முயல வேண்டும். அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டி வரை போதும். டப்பாவின் வெளிப்புறம் படாமல் துப்பி, மூடியை இறுகத் திருகி, அன்று காலையிலேயே வெயில் படாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். பொதுவாக இரண்டு மாதிரி கேட்பார்கள்: ஒன்று அங்கேயே எடுப்பது, மற்றது விடிகாலைச் சளி. பெண் பிள்ளைகள் ஆட்கள் பார்க்கச் சளி துப்பக் கூச்சப்படுவார்கள். வீட்டிலேயே எடுக்க விடுங்கள்.

எந்தப் பரிசோதனை என்றும் கேளுங்கள். மைக்ராஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் பத்தாயிரம் கிருமியாவது வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சில நூறு இருந்தாலே பிடித்துவிடும். ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதையும் அதே நாளில் சொல்லிவிடும். வளரும் பிள்ளைகளுக்கு இவைதான் முதலில் செய்யப்பட வேண்டும், கூடவே எக்ஸ்ரே. சளியே வராத சின்னக் குழந்தைகள் இரவில் சளியை விழுங்கிவிடுவதால், காலை வெறும் வயிற்றில் மூக்கு வழியே குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

மெடிக்கல் ஷாப் மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். இருமல் குறையும், பரிசோதனையும் ஏமாற்றும், சில வாரத்தில் நோய் திரும்பும். சீட்டில்லாமல் இனி எதுவும் வாங்காதீர்கள். இதுவரை கொடுத்த மருந்துகளின் அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரை ஆரம்பித்து ஆறு வாரம். இருமல் நின்றுவிட்டது, எடை மூன்று கிலோ ஏறியிருக்கிறது. சிறுநீர் மட்டும் சிவப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது. பொதுத்தேர்வு வருவதால் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாமா?
_பிளஸ் டூ மாணவர், தருமபுரி_

நிறுத்தாதே தம்பி. சிவப்பு ரத்தமல்ல, ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட லேசாக ஆரஞ்சு நிறமாகும். மருந்து உடம்பில் சேர்கிறது என்பதற்கு அடையாளம் அது. இதை யாரும் முன்கூட்டியே சொல்லாததால், பள்ளிக் கழிப்பறையில் பார்த்துப் பதறி மாத்திரையை நிறுத்திவிடும் பிள்ளைகள் உண்டு.

முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. சுறுசுறுப்பாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும், அதனால்தான் உனக்கு இப்போது தெம்பாக இருக்கிறது. தூங்கிக்கொண்டிருக்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும். நடுவில் விட்டால் நோய் திரும்பும், சில சமயம் அதே மருந்துக்கு அடங்காத வகையாகத் திரும்பும். ஒரு நாள் மறந்துபோனால் மறுநாள் இரட்டிப்பாக விழுங்க வேண்டாம். வழக்கமான அளவைத் தொடர்ந்துவிட்டுச் சுகாதாரப் பணியாளரிடம் சொல்.

காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுவது நல்லது. குமட்டினால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாம், போடாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் குடிப்பதானால் மாத்திரையோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிக் குடி. மாதாமாதம் எடை பார்க்கச் சொல். பல மருந்துகள் சேர்ந்த கூட்டு மாத்திரை எடைக்கு ஏற்றபடிதான்: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. உதாரணத்துக்கு, ஒருவர் 48-இலிருந்து 53-க்கு ஏறிய பிறகும் மூன்றே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் மருந்து போதாது.

உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியவை வேறு. கண் மஞ்சளாவது, வாந்தி நிற்காமல் போவது, கரும்பலகை மங்கலாகத் தெரிவது, சிவப்பும் பச்சையும் குழம்புவது. கால் மதமதப்பு இருந்தால் பி6 வைட்டமின் மாத்திரையில் சரியாகும், அதையும் சொல்.

அரசின் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 500 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது. தனியார் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றாலும், நோயாளிகளைப் பதிவு செய்யும் அரசின் நிக்ஷய் இணையதளத்தில் பதிவாகியிருந்தால் கிடைக்கும். பணம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடப்பதோ, ஆதாரில் உள்ள பெயர் பொருந்தாததோதான். அந்தப் பணம் முட்டைக்கும் பருப்புக்கும் போகட்டும். நோயாளிகளின் குடும்பத்தாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்த ஜார்க்கண்ட் ஆய்வில், அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. 2023-இல் வெளியான முடிவு இது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டி.பி. டாக்டர் பள்ளிக்கு வரலாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், சில பெற்றோர் டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.
_பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், திண்டுக்கல்_

அந்தப் பையன் பள்ளியிலேயே இருக்க வேண்டும். அவனை அனுப்பினால், அடுத்து இருமும் பிள்ளையின் வீட்டார் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளை மருந்தில்லாமல் அதே வகுப்பில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். பெற்றோர் உண்மையில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கூட்டத்தைக் கூட்டுங்கள், ஆனால் பையனின் பெயரைச் சொல்லாதீர்கள். மருத்துவரோ சிகிச்சை மேற்பார்வையாளரோ வந்து பேசட்டும். மருந்து தொடங்கி இரண்டு வாரமாகி, இருமலும் காய்ச்சலும் குறைந்து, மருத்துவர் சரி என்ற பிறகு வருபவனால் ஆபத்து இல்லை என்பதை நேராகச் சொல்லட்டும். வருகைப் பதிவேட்டிலும் விடுப்புக் கடிதத்திலும் 'மருத்துவ விடுப்பு' என்பது போதும். கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைக்காதீர்கள், சத்துணவு வரிசையில் தனித் தட்டு வேண்டாம். விளையாட்டு ஆசிரியரிடம் மட்டும், மூச்சு வாங்கினால் அவனை உட்கார விடும்படி சொல்லிவையுங்கள்.

கூடவே, நோய் தெரிவதற்கு முன்பு அவனோடு நெருங்கிப் பழகியவர்களுக்குப் பரிசோதனை நடக்க வேண்டும். பள்ளி முழுக்கத் தேவையில்லை. ஒரே பெஞ்சுக்காரர்கள், ஒரே வேனில் வருபவர்கள், ஒரே டியூஷன். ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்டு நாற்பது பேரை உட்கார வைக்கும் டியூஷன் அறை, பள்ளி வகுப்பறையைவிடக் கவலைக்குரிய இடம்.

விடுதியில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு மாணவர்கள். இடம் கூட்ட வழியில்லை. வேறு என்ன செய்ய முடியும்?
_விடுதிக் காப்பாளர், கிருஷ்ணகிரி_

காற்றை ஓட வையுங்கள். ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அறையின் நடுவிலும் ஒவ்வொரு ஜன்னல் அருகிலும் பிடித்துப் பாருங்கள். (வீசிங் உள்ள பையன்கள் வெளியே இருக்கட்டும்.) புகை ஒரு பக்கமாகச் சாய்ந்து வெளியேறினால் காற்று ஓடுகிறது. நேராக மேலே எழும்பி அங்கேயே சுற்றினால் அந்த மூலையில் காற்று தேங்குகிறது. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டும் திறந்திருந்தால்தான் ஓட்டம் வரும். ஒன்றைப் பெட்டியோ பீரோவோ மறைத்திருந்தால் நகர்த்துங்கள். கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்துவதுதான் விடுதிகளில் வழக்கம். கம்பி வலை அடித்தால் இரவிலும் திறந்து வைக்கலாம். மின்விசிறி மட்டும் போதாது, அது உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும். படுக்கும்போது தலைமாட்டை ஒருவருக்கு இந்தப் பக்கம், அடுத்தவருக்கு அந்தப் பக்கம் என்று மாற்றி வையுங்கள்.

மாதம் ஒரு முறை எல்லோருக்கும் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். வளரும் பையனுக்கு மூன்று மாதமாக எடை ஏறாமல் இருந்தாலோ, குறைந்திருந்தாலோ, இருமல் இல்லாவிட்டாலும் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். இருமல் இரண்டு வாரம் ஆனவனை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வைக்காமல், அந்த வாரமே டப்பா கொடுத்துச் சளி எடுத்து அனுப்பிவிடுங்கள்.